மஞ்சள் கதவுக்கு ஒரு வரி

ஃப்ளோரிடாவில் இருநூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. அங்கே குடியிருப்போர் சங்கத்தின் மாதச் செய்தி மடலைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்தியவர் டோரீன் ஹால்வர்சன். யார் வீட்டு எலுமிச்சை காய்த்தது, யாருடைய பூனை காணாமல் போனது என்று எல்லாமே அதில் வரும். அந்தக் காகித மடலை நினைத்தால் இன்றும் அவருக்கு முகம் மலரும்.

இறந்தவர்களுக்கு அதில் நான்கு வரி உண்டு. ஏர்ல் டிபெட்ஸ் இறந்தபோது, சங்க விதி அனுமதிக்காத மஞ்சள் வண்ணத்தைத் தன் வாசல் கதவுக்கு அடிக்கச் சங்கத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி ஜெயித்தவர் என்று டோரீன் எழுதினார். அச்சுக்கு முன் எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று சொல்லியிருந்த சங்கத்தின் புதிய தலைவர் வெண்டல் கிரிஸ்ட், அந்த வரியை அடித்துவிட்டார்.

“சங்கத்து மடல்ல சங்கம் தோத்த கதை எதுக்கு டோரீன்? சாதுவான மனுஷன்னு போடுங்க, போதும்.”

“ஏர்ல் சாதுவா? ஊரே சிரிக்கும் வெண்டல். அந்தக் கதவை எடுத்துட்டா அவரைப் பத்திச் சொல்ல வேற என்ன இருக்கு?”

“அப்போ அடுத்த மாசம் வேற யாராவது பாத்துக்கட்டும்.”

“பாத்துக்கட்டும். இந்த மாசம் நான்தானே?”

வரி அச்சேறியது. ஏர்லின் மனைவி மேவிஸ் பத்துப் பிரதிகள் வாங்கிப் போனார். அடுத்த மாதம் மடல் வேறொருவர் கைக்குப் போனது; காகிதம் நின்று மின்னஞ்சலில் வரத் தொடங்கியது.

டோரீனுக்கு அதில் வருத்தமில்லை. ஏக்கமெல்லாம் அச்சாகி வந்த மடலை மடிக்கும் அந்த வியாழக்கிழமைகள்மேல்தான். சங்கக் கூடத்தில் ஆறு பேர் காப்பியோடு உட்கார்ந்து, தாள்களை மடித்தபடி, அச்சுப்பிழைகளைக் கண்டுபிடித்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.