அம்மா பேசி அனுப்பிய கேசட்

மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போகிற முதல் பெண் நான்தான். அந்தப் பெருமையெல்லாம் எனக்கும், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கும்தான். கைக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேனே என்று அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் வாய் கொஞ்சமா? கிளம்பும்போது, "உன் மூஞ்சியப் பாக்காம இருந்தாலே எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை.

திருவனந்தபுரம் வரை ரயில், அங்கிருந்து விமானம், அப்புறம் ஒரு நாள் முழுக்கப் படகு. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தேன். தீவைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். நான் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால், என் பெங்களூர் ராகத்தோடு அப்படியே திருப்பிச் சொல்வார்கள். அப்பாவின் கடிதங்களில் மட்டும் "அம்மா நலம்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அவள் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று அதில் எப்படித் தெரியும்? நானாகக் கேட்க ரோஷம் விடவில்லை.

ஆறாவது மாதம், லீவுக்கு ஊர் போய்த் திரும்பிய சிவாஜிநகர்க்காரக் கணக்கு வாத்தியார் ஒரு கேசட்டைக் கொடுத்தார். அம்மாவுக்கு எழுத வராது. பள்ளி விட்டதும் வகுப்பிலிருந்த டேப்ரிக்கார்டரில் அதைப் போட்டேன்.

"சாப்ட்டியா?" என்றாள் அம்மா. அப்புறம் சத்தமே இல்லை. கேசட் கெட்டுவிட்டதோ என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். "அங்க கொத்தமல்லி கெடைக்குதா?" மறுபடியும் மௌனம். பின்னால் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

மூன்றாவது கேள்வியில்தான் புரிந்தது. சிரித்துவிட்டேன். இந்த வேலைக்காக நான் வீட்டில் உச்சரிப்பு கேசட் போட்டுப் பழகியிருந்தேன். கேசட் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். நான் திருப்பிச் சொல்வேன். மாதக்கணக்கில் அடுப்படியிலிருந்து அதைக் கேட்டவள் அம்மா. கேசட்டில் பேசினால் கேட்கிறவருக்கு இடம் விட வேண்டும் என்றே நினைத்திருக்கிறாள். அவள் விட்ட இடத்திலெல்லாம் நானும் பதில் சொன்னேன். சாப்பிட்டேன், தினமும் மீனும் தேங்காயும்தான், கொத்தமல்லி கண்ணிலேயே படவில்லை என்று வாய் ஓயாமல் சொன்னேன்.

கடைசியில் அவள் குரல் இறங்கியது. "ஸ்டேஷனுக்கு நான் வரல. எம்மேல கோவமா?"

டேப்ரிக்கார்டருக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. "போதும், ஆஃப் பண்ணட்டா?" என்று தூரத்தில் அப்பா கேட்டார்.

"இருங்க. அவ இன்னும் சொல்லல."

காலி வகுப்பறையில் டேப்ரிக்கார்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா. நான்தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன், உரக்கவே.

"சரி," என்றாள் அம்மா. "ஒடம்பப் பாத்துக்கோ."