மடியில் வந்த கீரை

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் வெற்றுச் சுவரிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து என்னிடம் நீட்டினாள். “அம்மா, பூச்சி” என்றாள். கையில் ஒன்றுமில்லை. பதின்மூன்று வயதுப் பெண் இப்படியா விளையாடுவாள் என்று எரிச்சலோடு திரும்பியபோதுதான் அவள் கண்களைப் பார்த்தேன். பாவை விரிந்து, கண் முழுக்க ஒரே கறுப்பாக இருந்தது. முகம் சிவந்து கொதித்தது. தண்ணீர் கேட்டாள், விழுங்க முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஊமத்தை பிடுங்கிக்கொண்டிருந்தோம். மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் ஊமத்தையும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தன. மருந்தடித்தால் சில நாளில் கருகிவிடும். ஆனால் சரிவுக்கு அடியில்தான் நாங்கள் குடிக்கும் ஊற்று இருக்கிறது. அதனால் மழை விட்ட கையோடு, மண் இளகியிருக்கும்போதே, காய் வெடிப்பதற்குள் வேரோடு பிடுங்குவது என்று முடிவு செய்தேன். எஸ்டேட்டில் களையெடுக்கும் அம்மா ஒருவர் தன் லீவு நாட்களில் உதவிக்கு வந்தார். பெரிய செடிகளைக் குழியில் போட்டோம். சின்ன முளைகள் ஈரத்தில் மறுபடி வேர்விடும் என்பதால் அவற்றைக் கூடையில் சேர்த்துக் கொண்டுபோய்ப் பாறைமேல் காயக் கொட்டினோம். கசங்கிய ஊமத்தை இலை ஊசிப்போன பிண்ணாக்கு போல நாறும். சோப்புப் போட்டாலும் ஒரு நாள் முழுக்க விரலை விட்டுப் போகாது. சோறு பிசையும்போதும் அதே நாற்றம்தான்.

இங்கே களையெடுக்கும் பெண்கள் வேலையோடு வேலையாகச் சேலை மடியில் கீரை சேர்த்துக்கொள்வார்கள். முந்தின நாள் மாலை அந்த அம்மாவும் மடியை அவிழ்த்து, பாதியை வாசலில் கிடந்த பேப்பரில் வைத்தார்.

“ஏனுங்கம்மா, இதக் கடைஞ்சு பாப்பாவுக்குக் குடுங்க. நொம்ப நல்லதுங்க.”

“பூச்சி இருக்குமா?” என்றாள் மகள்.

“இருந்தா அதுக்குஞ் சேத்து உப்புப் போட்டுக்கலாஞ் சாமி.”

இருவரும் சிரித்தார்கள். நான் அந்த மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் நனைந்த முடிச்சு, சேறு, நாள் முழுக்க ஊமத்தை பிடுங்கிய விரல்கள். அவர் போனதும், கீரையைக் கையால் தொடாமல் பேப்பரோடு தூக்கி, அருகில் இருந்த கூடையில் கவிழ்த்தேன். குழாயடியில் வைத்து மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் மதியம் கடைந்து மகளுக்குப் பரிமாறினேன். அந்த மடியை நினைத்து நான் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

ஜீப் கிடைத்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிருந்தது. என்னை “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டுக் கையை உதறினாள். “இறுக்கிப் புடிச்சுக்குங்கம்மா, வளைவு வருது” என்றார் டிரைவர்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார்.

“கீரை. வேலைக்கு வர்றவங்க பறிச்சுக் கொடுத்தது” என்றேன்.

“அதில் ஊமத்தை கலந்திருக்கிறது” என்றார் டாக்டர். அந்த அம்மா கொடுத்ததில்தான் இருந்தது என்று நர்ஸிடமும் ஜீப் டிரைவரிடமும் சொன்னேன். சேலத்தில் இருந்த கணவரிடம் போனில் சொல்லும்போது, அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாதோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு, கட்டிலருகில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தபோது என் விரல்களில் அந்தப் பிண்ணாக்கு நாற்றம் அடித்தது. அன்றும் முந்தின நாளும் நான் சரிவில் இறங்கவில்லை, ஊமத்தையைத் தொடவே இல்லை. கூடையைத்தான் தொட்டேன். ஊமத்தை முளைகளைச் சுமந்த கூடை அது. தண்ணீர் ஊற்றும்போது பின்னலில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தேன். கீரைதான் என்று நானே விரலால் நெம்பி எடுத்துச் சேர்த்தேன். கழிவறைக்குப் போய்ச் சோப்புப் போட்டு விரல்களைத் தேய்த்துக் கழுவினேன். வெளியே வந்த பிறகும் யாரிடமும் பேச்சை மாற்றிச் சொல்லவில்லை.

விடிந்ததும் மகள், “அம்மா, பசிக்குது” என்றாள். பார்வை இரண்டு மூன்று நாள் மங்கலாக இருக்கும், ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர். அவர் நகர்ந்ததும் வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். ஜீப் டிரைவர் சொல்லித் தெரிந்து, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கட்டில் பக்கம் வரவில்லை.

“கண்ணு, என்னயத் தெரியுதா?” என்றார்.

மகள் தலையாட்டினாள். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அதே கீரயத்தானுங்கம்மா எங்க ஊட்டுலயும் ஆக்குனோம். என்ற பேத்தி ரெண்டு தடவ வாங்கித் தின்னுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலீங்க. நான் குடுத்ததுலதான் ஊமத்த இருந்துச்சுன்னு சொன்னீங்களாமுங்க. எப்படீங்க?”