கோபமே வராத ஜெயசித்ரா

ஜெயசித்ராவுக்குக் கோபம் வராது என்று சொன்னால் இலஞ்சியில் எங்கள் தெருவே சிரிக்கும். போன சீசனில் குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் செல்போனை நீட்டியவனை ஈரத்துணியோடு துரத்திப்போய் அறைந்தவள் அவள். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவள் போலீஸ் வேலைக்கான மனநிலைத் தேர்வில், 'எனக்குக் கோபமே வந்ததில்லை', 'ஒருவரையும் வெறுத்ததில்லை', 'என் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை' என்ற எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிட்டு வந்தாள். சொல்லிக்கொடுத்தவர் அப்பா சுந்தரபாண்டியன், ஓய்வுபெற்ற ஏட்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேசுவதுபோல நல்லதை மட்டும் சொன்னால் போதும் என்றார். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு அது தண்ணிபட்ட பாடு.

ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் முன்னால் வந்தவளை இந்தத் தாள் கவிழ்த்துவிட்டது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. அதே தாளை இன்னொரு தடவை எழுதத் தென்காசிக்கு மறுபடி கூப்பிட்டார்கள்.

தேர்வு நடத்திய மனநல நிபுணர் ஸ்ரீவித்யா பழைய தாளைக் காட்டினார். நல்ல பிள்ளை வேஷம் போடுகிறவர்களைப் பிடிக்கவே சில கேள்விகளை உள்ளே போட்டிருக்கிறார்களாம். இவள் ஒன்றுவிடாமல் மாட்டியிருந்தாள்.

"இவ்வளவு நல்லவங்க யாரும் இல்லம்மா. உள்ளத எழுதுங்க. இனிமே நான் கூப்பிட முடியாது."

கோபத்தை ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. வீட்டுக் கேள்வியில் பேனா நின்றது. அம்மா வள்ளித்தாயின் இடது கை கொஞ்சம் வளைந்திருக்கும். அருவிக்கரையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அம்மா ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். அடித்தது யார் என்று ஜெயசித்ராவுக்குத் தெரியும். அவர் வெளியே வேப்பமர நிழலில் மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். பிறகு, போன தடவை 'ஆம்' போட்ட அந்த வரிக்கு 'இல்லை' என்று போட்டாள்.

மூன்று வாரம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். பட்டியலில் பெயர் வந்தது. சுந்தரபாண்டியன் தெரு முழுக்க அல்வா கொடுத்தார். தான் சொல்லிக்கொடுத்தபடி எழுதித்தான் மகள் பாஸானாள் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தார். ஜெயசித்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரி எழுதலப்பா. உள்ளத எழுதினேன்."

அவர் அல்வா டப்பாவைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமாட்டி?"

"ஆமாப்பா."

அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வள்ளித்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.