வேலியில் நான் செருகிய குச்சி

அந்தச் செடியைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். இதைச் சொல்வதற்கே இப்போது அலுப்பாக இருக்கிறது. போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் நான் வளர்ந்த வீட்டின் முன்னால் அதை அழகுக்காக வைத்திருந்தோம். ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வந்தபோது நாலு குச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, கிளுவை முள்மரங்களை நெருக்கி நட்ட வேலியில் சந்து விழுந்திருந்த இடத்தில் செருகினேன். மெனக்கெட்டுத் தண்ணீர் வேறு ஊற்றினேன், பெரிய புத்திசாலி! இரண்டு மழைக்குள் அது வேலி மேலேயே ஏறிப் படர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கிளுவை வேலியைக் கழித்தால் தழை ஆட்டுக்குத்தான். ஒரு கொத்துகூட வீணாகாது. மழை பொய்த்த ஒரு வருஷம் மேய்ச்சலுக்குப் புல்லே இல்லை. வீட்டுக்காரர் வேலியைக் கழிக்கக் கழிக்க, நான் அள்ளிக்கொண்டுபோய் ஆடுகளுக்குப் போட்டேன். என் பூச்செடித் தழையும் கலந்திருந்தது தெரியும். பச்சையாகத்தானே இருக்கிறது, தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். மற்ற நாளில் மோந்து பார்த்துவிட்டு ஒதுக்குகிற ஆடுகள், பசியில் எல்லாவற்றையும் தின்றுவிட்டன.

மற்றவை இரண்டு நாள் சோர்ந்து கிடந்து தேறிவிட்டன. தாய் செத்தபின் நான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த வெள்ளை ஆடுதான் தேறவில்லை. அதற்குத் தலைச்சினை. இரை எடுக்காமல் நிழல் தேடி ஒதுங்கியது. கண் மஞ்சளாகி, காதிலும் மூக்கிலும் தோல் உரிந்தது. கால்நடை டாக்டர் வந்தார்.

"ஏனுங் அம்மணி, என்ன தழை போட்டீங்க?"

ஒடித்துக்கொண்டுவந்து காட்டினேன். விரலால் தண்டைத் தடவிப் பார்த்தார்.

"உண்ணிச்செடிங்க இது. தண்டு சதுரமா இருக்குது, முள்ளு கையில தைக்குது பாருங்க. எலையக் கசக்குனா கப்புன்னு அடிக்கும். ஈரலைக் கெடுத்துப்போடும். அப்பறம் வெயில் பட்டாலே தோலு உரியும். பழத்தைக் குருவி தின்னு ஊரெல்லாம் வெதச்சுரும். வேரோட தோண்டிப்போடுங்க."

ஊசி போட்டார். இருட்டான கொட்டகையில் கட்டச் சொன்னார். நாலாம் நாள், வயிற்றுக் குட்டியோடு அது செத்தது.

"உடு, தெரிஞ்சா போட்டே?" என்றார் வீட்டுக்காரர். யாராவது கேட்டால் ஏதோ சீக்கு என்று சொல்லி வைத்தேன். டவுன்காரி பூச்செடி நட்டு ஆட்டைக் கொன்றாள் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். செடியை மட்டும் தோண்டினேன். தோண்டின இடத்தில் மறுபடி துளிர்த்தது. குருவி உட்காரும் வேப்பமரத்தடியெல்லாம் நாற்றுப் பாவியதுபோல முளைத்தது. பிடுங்கிப் பிடுங்கி முதுகு விட்டுப்போயிற்று.

அடுத்த கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரி ஓடிவந்தாள். என் வயதுதான் அவளுக்கும். குருவி விதைத்து அவள் வேலியிலும் அந்தச் செடி ஏறியிருந்தது; கழித்த தழையை அவளும் ஆடுகளுக்குப் போட்டிருக்கிறாள்.

"ஏனுங், உங்க ஆட்டுக்கு வந்தாப்பலயே எங்க மூணு ஆட்டுக்கும் காது உரியுதுங்க. அன்னைக்கு டாக்டர் என்ன சீக்குன்னு சொன்னாருங்க?"

சொன்னேன். செடி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.