வெள்ளைக் காரின் கதவில் ஒரு பள்ளம்

கார் நிறுத்துமிடத்தில் காவல் பார்ப்பதென்றால், தான் ஒரு நாளும் ஏறப்போகாத கார்களுக்காக நாள் முழுக்க நின்றுகொண்டே பயப்படுவது. பச்சைச் சட்டையும் விசிலும் மாட்டிக்கொண்டு மழையில் கை காட்டியவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக, நான் இந்த வேலைக்கு வந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன். அநியாயங்களை வரிசை மாற்றிச் சொன்னால் செய்தவனுக்குத்தான் வசதி.

முதலாவது, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கொய்ததை ஈர இலை என்று எடையில் கழித்தார்கள். மழை பெய்யாத நாளிலும் கழித்தார்கள். இரண்டாவது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குச் சம்பளத்தில் காசு பிடித்தார்கள். தண்ணீர் மலையிலிருந்து தானாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, அதைக் கேட்டு நோட்டீஸ் அடித்த என்னை, இருபத்திரண்டு வருஷம் சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவனை, ஒழுங்கீனம் என்று எழுதி வெளியே தள்ளினார்கள். நான்காவது, நாங்கள் குடியிருந்த மேல் லயனை இடித்து, தேயிலை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் கார் நிறுத்தத் தார் போட்டார்கள். ஐந்தாவது, அந்தத் தாரின் மேலேயே என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். ஐந்தாவதை நானே போய்க் கேட்டு வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. அறுபத்தாறு வயதில் வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை.

சிவப்புக் காரின் கண்ணாடி

பள்ளி விடுமுறையில் ஒரு நாள். பின்னால் எடுத்த ஒரு பெரிய கார், பக்கத்தில் நின்ற சிவப்புக் காரின் கண்ணாடியை உடைத்துவிட்டது. ஓட்டியவர் இறங்கினார். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடைந்த துண்டைப் பொறுக்கிச் சிவப்புக் காரின் மூக்கின் மேல் பதமாக வைத்தார், போய்விட்டார். நான் விசில் ஊதிக்கொண்டே ஓடியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அங்கே விசில் எப்போதும் ஊதிக்கொண்டுதான் இருக்கும்.

நம்பரை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். சிவப்புக் காரின் சொந்தக்காரர் ஈப்போக்காரர். குடும்பத்தோடு டீ குடித்துவிட்டு வந்ததும் கையை விரித்துக் காட்டினேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்பர வச்சு நான் என்ன பண்றது அங்கிள்? பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

சம்பாதிக்கும் கீறல்

எங்கள் இலை லோரி தன் காரை உரசிவிட்டதாக ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். லோரி ஓட்டியவன் வங்காளதேசத்துப் பையன். வேலை பெர்மிட் விஷயத்தில் எந்நேரமும் பயந்து கிடப்பவன். போலீஸ் என்ற ஒரே சொல்லுக்கு அவன் கை பர்சுக்குப் போய்விட்டது. நான் குறுக்கே நின்றேன். "என்ன சேதம், எவ்வளவு, எப்படி நடந்தது, எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இல்லாத குற்றத்துக்குக் காசு கிடையாது" என்றேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. அதில் முதல் பாடம் இது.

அந்த நேரத்தில் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லோரிக்காரர் ஒருவர் டீக்கு நிறுத்தியவர், வந்து குனிந்து அந்தக் கீறலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது எனக்குப் பழக்கமான கீறல்ணே. போன மாசம் கியா பார்ம்ல எங்கிட்ட நூறு வெள்ளி வாங்கிச்சு."

சரிவில் ஓடிய தொட்டி

இனி பாப்பாத்தியைப் பற்றி. ஐம்பத்தேழு வயது. இலை கொய்ய முதுகு இடம் கொடுக்காமல் போன பிறகு, கார் நிறுத்துமிடத்தைக் கூட்டிக் குப்பைத் தொட்டிகளைத் தள்ளிப் போகும் வேலைக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். புருஷன் சர்க்கரையில் ஒரு காலை இழந்து கீழ் லயன் வீட்டில் கிடக்கிறார். ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் உண்டு. நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெளியாளிடமிருந்து ஒரு புகார் வந்தால் வேலை போகும். வேலை போனால் பதினான்கு நாளில் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அவள் தள்ளும் தொட்டியின் பிரேக் உடைந்து வெகு நாளாகிவிட்டது. மூன்று முறை சொல்லியும் மாற்றவில்லை. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவாள். அன்று பனிமூட்டத்தில் தார் வழுக்கலாகிக் கல் நகர்ந்துவிட்டது. தொட்டி சரிவில் ஓடி, ஜொகூர் நம்பர் போட்ட ஒரு வெள்ளைக் காரின் முன்கதவில் இடித்து நின்றது. தேங்காய்ச் சில்லு அளவுக்கு ஒரு பள்ளம். காரில் யாரும் இல்லை. காமிரா நினைவுப்பொருள் கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

"யாரும் பாக்கல பாப்பாத்தி. தொட்டியத் தள்ளிக்கிட்டுப் போய்ட்டே இரு" என்றேன்.

"நீங்க பாத்தீங்கல்ல அண்ணே?"

"நான் பாத்தது சேராது."

"அப்ப நான் பாத்தது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுடைய எடையில் எத்தனை வருஷம் கழித்தார்கள்! எவன் திருப்பிக் கொடுத்தான்? விதியை மறுபடி எடுத்துச் சொன்னேன். அவள் முந்தானையால் கதவின் அழுக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "புகார் வந்தாத்தானே அண்ணே வேல போகும்? நாம முன்னாடியே போய்க் காசு குடுத்துட்டா, அவங்க எதுக்கு லா புகார் குடுக்கப் போறாங்க?"

மையில் எழுதிய மன்னிப்பு

அவளுக்கு எழுத வராது. நான் எழுதினேன். தண்ணீர்க் காசுப் போராட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் ஒரு கட்டு என்னிடம் மீந்து கிடந்தது. ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெறுமை, நல்ல தாள். காவல் குறிப்புகளை அதில்தான் எழுதுவேன். சங்கத்தில் பாராட்டிக் கொடுத்த மைப்பேனாவால், மதிப்பிற்குரிய கார் உரிமையாளர் அவர்களுக்கு என்று தொடங்கி, தவறுதலாக நடந்தது, வருந்துகிறோம், செலவை முழுவதும் கொடுத்துவிடுகிறோம், காவலரைக் கேட்கவும் என்று முறையாக எழுதினேன். பாப்பாத்தியின் பெயரைப் போடவில்லை. தொழிலாளியின் பெயர் தேவையில்லாமல் எந்தத் தாளிலும் ஏறக்கூடாது என்பது என் பழைய கொள்கை. தாளை மடிக்காமல் கண்ணாடித் துடைப்பானின் அடியில் செருகினேன்.

மேலே வளைவில் இரண்டு பஸ் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று கூப்பிட்டார்கள், போனேன். பகல் இரண்டு மணி மழை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. அரை மணி கழித்து நான் இறங்கி வந்தபோது, காரின் சொந்தக்காரர் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கையில் என் தாள். நான் எழுதிய பக்கம் முழுக்க வெறும் நீலத் தண்ணீர். அச்சடித்த பக்கம் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. கொட்டை எழுத்தில்: ஒரு காசும் கட்ட மாட்டோம்! உன்னால் ஆனதைப் பார்! அடியில் என் பெயர்.

நான் விளக்க வாயெடுத்தேன். அவர் நின்று கேட்கும் நிலையில் இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன் ஒன்று சொன்னார்: "கார இடிச்சதுமில்லாம, சவால் வேற விடுறீங்களா ஐயா?"

மேனேஜரின் கேள்வி

அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டார். நான் நோட்டீஸ் அடித்த காலத்தில் பள்ளிக்கூடம் போயிருக்கும் வயது. பக்கத்தில் கிராணி, ஆபீஸ் கணக்குப் பார்ப்பவர், என்னை வெகு காலமாகத் தெரிந்தவர், தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மேசை மேல், ஆசிரியை படியில் வீசிவிட்டுப் போன நோட்டீஸ் காயப் போட்டிருந்தது.

மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: யார் இடித்தது? இந்தக் கேள்வியை வேறு வேறு மேசைகளுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். கல்லெறிந்தது யார், கூட்டம் கூட்டியது யார், துரை காரை மறித்தது யார். ஒரு தடவையும் ஆபீசுக்கு ஒரு பெயர் கொடுத்தவனில்லை. "நான்தான்" என்றேன். பொய்தான், கூச்சமில்லை. விசாரணைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "நீங்க விசில் ஊதுற ஆளு அங்கிள். விசில் மோதியா கதவு நசுங்குச்சு?"

ரசீது

இது பின்னால் அந்த ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் சொன்னது. மறுநாள் காலை பாப்பாத்தி, கிராணியிடம் கெஞ்சி ஆசிரியையின் தொலைபேசி நம்பர் வாங்கி, இடம் கேட்டு, பிரிஞ்சாங்கில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள். நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை பதறிப்போய் உடனே ஆபீசுக்குப் பேசிப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பதிவான புகார் இனி ஆபீசுடையது, விசாரணை நடக்கும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பாப்பாத்தியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பள்ளம் சின்னதுதான், காசு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

பாப்பாத்தி போகவில்லை. பட்டறையில் எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். நூற்றைம்பது வெள்ளி இருக்கலாம் என்றார். எண்ணி வைத்தாள். பிறகு சொன்னாளாம்: "வேணாம்னு சொல்லாதீங்க டீச்சர். வேணாம்னா நான் பிச்ச கேட்டு வந்த மாதிரி ஆயிடும். வாங்கிக்கிட்டு, எம் பேரப் போட்டு ரசீது எழுதிக் குடுங்க. எங்க காசு குடுத்தாலும் ரசீது வாங்கணும்னு செயலாளர் அண்ணன் சொல்லியிருக்காரு."

வாசித்துக் காட்டியது

எங்கள் தோட்டத்து விசாரணைக்கு ஒரு முறை உண்டு. எந்தத் தாளும் இரண்டு தொழிலாளர்களைச் சாட்சியாக உட்கார வைத்து, அவர்கள் காதில் விழும்படி முழுதாக வாசித்த பிறகுதான் செல்லும். படிக்கத் தெரியாதவர்களிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய காலத்தில், பதினோரு நாள் வேலையை நிறுத்தி அந்த உரிமையை வாங்கினோம். பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவன் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிரும். அன்று சாட்சிகள் ஒரு லோரிக்காரரும் டீக்கடையில் கோப்பை கழுவும் ஒரு பெண்ணும்.

நான் இடித்தேன் என்று மறுபடி சொன்னேன். மேனேஜர் எழுதத் தொடங்கினார். எனக்கு அதில் நிம்மதிதான். என்னிடம் பறிக்க ஒரு பச்சைச் சட்டையும் விசிலும்தான் மிச்சம். அப்போது பாப்பாத்தி வாசலில் வந்து நின்றாள். வரக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். ரப்பர் பூட்சைப் படியில் கழற்றிவிட்டு ஈரக் காலோடு உள்ளே வந்தாள்.

"அண்ணன் இடிக்கலங்க. நான்தான். காசெல்லாம் குடுத்தாச்சு. இந்தாங்க ரசீது."

அவள் முகம் தெளிந்திருந்தது. காசு போய்ச் சேர்ந்ததோடு விஷயம் முடிந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். மேனேஜர் கையை நீட்டினார்.

"குடுக்காத பாப்பாத்தி!" என்று கத்தினேன். அந்த அறையில் நான் ஒரு தொழிலாளியைப் பார்த்துக் கத்தியது அதுவே முதல் தடவை.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "ஏண்ணே? கையில தாள் இருந்தா பயப்பட வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேனேஜர் தாளை வாங்கிக் கிராணியிடம் தள்ளினார். "முறைப்படி வாசிங்க" என்றார்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைக் குற்றமற்றவன் என்று எழுதினார்கள். நான் இன்னும் அங்கேதான் விசில் ஊதுகிறேன். பதின்மூன்றாம் நாள் பாப்பாத்தி சாவியைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் லோரியில் புருஷனை ஏற்றிக்கொண்டு கம்போங் ராஜா பக்கம் போனாள். ஆசிரியை இரண்டு முறை அழைத்து அழுதார், மூன்றாம் முறை நான் எடுக்கவில்லை. கிராணி மட்டும் அன்று கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், தொண்டையைச் செருமினார், சாட்சிகள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆக, எங்கள் ஆபீசில் ஒரு ஏழையின் பெயரை மரியாதையாக, நிறுத்தி, தகப்பன் பெயரோடு வாசிக்க வேண்டுமென்றால், அவள் முதலில் ஒரு வெள்ளைக் காருக்கு நூற்றைம்பது வெள்ளி கட்டியிருக்க வேண்டும்: "பணம் கொடுத்தவர், முனுசாமி மகள் பாப்பாத்தி."