மாப்பிள்ளை வண்டியின் கிளட்ச்

நான் படித்தது பத்தாவது வரை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம், வேலை பார்க்கும் மளிகை மொத்தக் கடையில் மூட்டைகளின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான். நாலு பேர் கூடியிருந்தால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் கதை மாதிரி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தோன்றுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிரில் முகம் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. தாளுக்கு முகம் இல்லை.

போன ஐப்பசியில் நடந்தது இது. மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் திருமங்கலம், வேலை கப்பலூரில் ஒரு கம்பெனியில். கம்பெனியில் அவரைப் பத்து நாள் பயிற்சிக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். போகும்போது மகளையும் தன்னுடைய பைக்கையும் பழங்காநத்தம் தாண்டி இருக்கும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார்.

அந்த பைக் அவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. கூடப் பிறந்த தம்பிக்கே சாவி தர மாட்டார். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக் குழந்தையை மகள் அதன் மேல் உட்காரவைத்து, இண்டிகேட்டர் உடைந்து, நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்தாராம். மகள் இதை என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் அழுதது என் காதில் விழுந்தது.

"அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க மாமா. ஓட்டக் கூடாதுன்னு இல்ல..." என்று இழுத்தார் புறப்படும்போது. அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் எடுத்தேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய மொபட். ஆசைதான், வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

திருமங்கலத்துக்கு மேற்கே என் அண்ணன் தோட்டம். ஒரு மூட்டை வெங்காயம் எடுத்துப் போகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் மழை. கரிசல் பாதையில் சக்கரம் இறங்கிவிட்டது. முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். பழைய செருப்பைத் தீயில் போட்டது போல ஒரு நாற்றம் வந்தது. வண்டி மேலே ஏறியது. ஆனால் அதன் பிறகு இன்ஜின் கத்தியதே தவிர வண்டி இழுக்கவில்லை. சைக்கிள்காரர்கள் என்னை முந்திப் போனார்கள். கிளட்ச் பிளேட் எரிந்துவிட்டது.

எங்கள் தெரு முக்கில் இருக்கிற மெக்கானிக் கடை மாப்பிள்ளையோடு படித்த பையனுடையது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாலே அவன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுவிடுவான். என் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் நான் ஒரு பைக் பட்டறையில் இருந்தவன். ஸ்பானர்கள் பரண் மேல் கிடந்தன. வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? எங்க போய் நிக்கும்னு தெரியும்ல?" என்றாள் மகள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை டவுனில் புதுப் பிளேட்டுகளும், ஆயில் கசியாமலிருக்க இன்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் காகிதப் பேக்கிங்கும் வாங்கினேன். பிளேட்டுகளை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவேன். வண்டிய எடுத்துட்டு வந்துருங்க."

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆரம்பித்தேன். இன்ஜினின் வலது பக்க மூடியில் உள்ள போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. குட்டையான துளையில் நீளப் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் மூடி விரிசல் விடும். அதனால் ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். பட்டறையில் பழகிய முறை. பதினோரு மணிக்கு நடு நட்டும் கழன்றது. பழைய பிளேட்டுகள் கருகி, ஓரம் உதிர்ந்து வந்தன. இனிமேல் மாட்டுவது ஒரு மணி நேர வேலை என்று நினைத்து எழுந்து முதுகை நிமிர்த்தினேன்.

வாசலில் சத்தம் கேட்டது. "மதினி! இருக்கீகளா?"

மாப்பிள்ளையின் அம்மா.

நான் குளியலறைக்குள் ஓடினேன். கையிலிருந்த கரி சோப்புக்குப் போகவில்லை. வெளியே என் மனைவி பின்கட்டுக்கு வந்து பொருட்களை வாருவது கேட்டது. பேக்கிங், ஸ்பிரிங்குகள், அட்டையில் குத்தியிருந்த போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளித் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் கொட்டி, மேலே ஈரத்துணியைப் போட்டாள். வண்டிக்கு ஒரு போர்வை. நான் கதவைத் திறந்தபோது அட்டை மட்டும் காலியாகத் தரையில் கிடந்தது.

சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகளுக்குக் கொய்யாப்பழமும் பூவும் கொண்டுவந்திருந்தார். கணவர் போன பிறகு தனியாக இரண்டு மகன்களை வளர்த்தவர். அவர் பார்த்தாலே எனக்குச் சட்டைப் பித்தான் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும்.

"என்னண்ணே, கை இம்புட்டுக் கருப்பா இருக்கு?"

"மொபட் செயின்... ஆயில் போட்டேன் தங்கச்சி."

"ஓகோ." காபியை ஆற்றினார். "எங்க தெருக்காரரு ஒருத்தரு சொன்னாரு. உங்க அண்ணன் தோட்டத்துப் பக்கம் நீங்க ஏதோ சேத்துல நின்னுக்கிட்டு இருந்தீகளாமே?"

மகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். என் மனைவி, "வெங்காயம் குடுத்தாக மதினி, உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன்," என்றாள்.

"வைங்க, வைங்க. அவன் ஆறு மணிக்கு வாரானாம்ல? இருந்து அவன் வண்டியிலயே போறேன்."

அப்போது மணி பன்னிரண்டு.

சாப்பாடு முடியும் வரை நானும் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.  இரண்டு மணிக்கு அவர் படுத்துக் கண்ணை மூடியதும் பின்னால் போனேன். பிளேட்டுகளை வரிசையாக அடுக்கி, ஸ்பிரிங் மாட்டி, நட்டை இறுக்கினேன். சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாதென்று துணியைச் சுற்றித் தட்டினேன். மூன்றரை மணிக்கு டப்பிலிருந்து பேக்கிங்கை எடுத்தேன். ஒரு ஓரத்தில் மடிந்து கோடு விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. நீவிவிட்டு வைத்தேன். பிறகு போல்ட்டுகள். பத்தும் ஈரத்தில் கலந்து கிடந்தன. எது எங்கே என்று தெரியவில்லை. நான் ஒன்றை எடுத்துச் செருகுவேன், சந்தேகம் வரும், உருவிவிடுவேன். பட்டறையில் படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. உள்ளே தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுதான் மொபட் செயினாண்ணே?"

திரும்பினேன். சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். பின்னால் மகள், முகத்தில் ரத்தமே இல்லாமல்.

பொய் சொல்ல எனக்கு இன்னொன்று கைவசம் இல்லை. "சேத்துல கிளட்ச எரிச்சுட்டேன் தங்கச்சி. புதுசு போட்டுட்டேன். போல்ட்டுதான் கலந்துபோச்சு. பிள்ளைக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல."

அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்து கையை நீட்டினார். "குடுங்க இங்க."

போல்ட்டுகளைக் கல்லின் மேல் தலைகீழாக நிறுத்தினார். பத்தும் படை வீரர்கள் மாதிரி நின்றன. மூன்று உயரம் இருப்பது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"எட்டு வருசம் கப்பலூர்ல போல்ட் கம்பெனியில ரகம் பிரிச்சிருக்கேன். கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். முறுக்காதீக, சும்மா செருகுங்க. எல்லாத் தலையும் ஒரே அளவு வெளிய நிக்கணும். ஒண்ணு தூக்கிக்கிட்டு நின்னா அது அதோட வீடு இல்ல."

செருகினேன். இரண்டு தூக்கிக்கொண்டு நின்றன. இடம் மாற்றினேன். சமமாயின. ஒவ்வொன்றாக, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஆயில் ஊற்றி உதைத்தேன். மூன்றாவது உதையில் வண்டி எடுத்தது. கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் முன்னால் பாய்ந்தது. மணி ஐந்து பத்து.

"நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார் அவர் கையைத் துடைத்தபடி. நான் மூச்சுவிடும் முன்பே, "நீங்க சொல்லணும். அவனா கண்டுபிடிச்சான்னா இந்தப் பிள்ள தலையிலதான் விடியும். வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள சொல்லிருங்க," என்றார்.

ஆரப்பாளையம் போகும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் முதல் வார்த்தையிலேயே தடுக்கியது. பஸ் கால் மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை இறங்கி, பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சொல்லாமலே சாவியை வாங்கிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கிளட்சைப் பிடித்தவர் ஒரு நொடி நின்றார். "டைட்டா இருக்கு. கேபிள் எதுவும் மாத்துனீங்களா மாமா?"

"ம்... இல்ல," என்றேன்.

அவர் கழுத்துக்குப் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது. முகம் தெரியாததால் ஒரு தைரியம் வந்தது. பழங்காநத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"என்ன மாமா? காத்துல கேக்கல," என்றார்.

சிக்னலில் வண்டி நின்றது. சுற்றிலும் வண்டிகள். ஹெல்மெட்டைத் திருப்பி, "சொல்லுங்க," என்றார்.

"உங்க வண்டி கிளட்ச நான் எரிச்சுட்டேன் மாப்ள. நானே மாத்திட்டேன். மக வேணாம்னுதான் சொன்னா." குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "நல்ல மாமனாரு!" என்றார். ஆட்டோவிலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பச்சை விழுந்தது. வீடு வந்து இறங்கியதும் குனிந்து மூடியைப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டார். வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு மாட்டுனது?"

"நாந்தான்."

"ம்."

உள்ளே போய் அவளிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மூன்று நாள் கழித்து வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். அம்மாவையும் வெங்காயப் பையையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலத்துக்குப் புறப்பட்டார். வண்டியில் ஏறும்போது சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார், சொல்லிவிட்டேன் என்று நான் தலையாட்டினேன். 

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை மகளுக்குப் போன் செய்தார். மூடியின் அடி ஓரத்தில் ஆயில் கசிகிறதாம், வேறு பேக்கிங் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையே வந்து மாற்றித்தரச் சொல், மெக்கானிக் வேண்டாம் என்றாராம். நான் எட்டரை மணிக்கு வேலைக்குப் போனேன்.