குரூப் போட்டோவில் அப்பா

கோவைக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாமே அலுப்பாக இருந்தது. துடியலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மியூசியத்தின் ஆவண அறையில் தும்மியபடி, பழைய போட்டோக்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். பயிற்சிக்கு வந்தவளுக்கு அதுதான் வேலை.

வால்பாறை பஸ் கண்டக்டர் ஒருவர் டியூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு வாராவாரம் வருவார். மில் தொழிலாளர்களின் குரூப் போட்டோ ஒன்றைக் கேட்பார். அவர் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவர்; வீட்டில் ஒரு படம்கூட இல்லை. டிக்கெட் கிழிக்கும் பழக்கத்தில் எச்சில் தொட்ட விரலைப் படத்தருகே கொண்டுபோவார். நான் முறைத்ததும் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள், "இவருதானுங்க எங்கப்பா" என்றார்.

"போன வாரம் வேற ஆளைக் காட்டினீங்களே?" எரிச்சலோடு கேட்டேன்.

"ஆமாங்க அம்மணி. அவரு கொஞ்சம் கோவக்காரராட்டத் தெரியறாருங்க. இவரு மூஞ்சியில சிரிப்பு இருக்குது."

பென்சிலை எடுத்தேன். "அப்ப இவருன்னே எழுதிடட்டுமா?"

அவர் பதறிவிட்டார். "எழுதிப்போடாதீங்க. பின்னால இன்னும் ரெண்டு வரிசை பாக்கி இருக்குதுங்க."

பயிற்சி முடிந்து கிளம்பும்வரை அந்த ஒரு படத்தின் பின்னால் மட்டும் நான் எதுவும் எழுதவில்லை.